டிராகனுக்கு எத்தனை டர்ன்?

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான். ஆசை ஆசையாக ஒரு பெரிய மான்ஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஆடுகிறவர்கள் அதைக் கண் மூடித் திறப்பதற்குள் சாய்த்துவிடுகிறார்களாம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தத் தடவை முழுக்கத் தனி மான்ஸ்டர் சண்டைகளையே எடுத்துக்கொள்கிறேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு: கதையை நடத்துகிறவர் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரர். எல்லாருக்கும் ஒரு டர்ன் வந்து போனால் ஒரு ரவுண்டு. அடிபட அடிபடக் குறைவது ஹெச்.பி. அடி படுவதற்கு டைஸில் எட்ட வேண்டிய எண் ஏ.சி. நான் சொல்லும் எண்கள் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களில் உள்ளவை.

டீச்சர், நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் நாலு பேருக்கு டி.எம். ஆக இருக்கிறேன், எல்லாரும் லெவல் 5. பாலத்தைக் காக்கும் ட்ரோலைக் கடைசிச் சண்டையாக வைத்தேன். இரண்டாம் ரவுண்டு முடிவதற்குள் காலி. அடுத்த தடவை ஹெச்.பி.யை மூன்று மடங்கு ஆக்கினேன். இப்போது சாகவே மாட்டேன் என்கிறது. ஒருத்தன் நடுவிலேயே போனை எடுத்துவிட்டான். என்னதான் செய்வது?
– மாணவர், கோவை

போனை எடுத்தவனைத் திட்டாதீர்கள் தம்பி. அவன் எழுதியது விமர்சனம்.

ட்ரோலுக்கு ஹெச்.பி. 84, ஏ.சி. 15. உங்கள் ஆட்கள் ஃபைட்டர், பதுங்கித் தாக்கும் ரோக், பூசாரியான க்ளெரிக், மந்திரவாதியான விஸார்டு என்று வைத்துக்கொள்கிறேன். ஃபைட்டருக்குப் பெரிய வாளால் இரண்டு வெட்டு. ஒரு வெட்டு பட்டால் சராசரி 11. படுவதற்கு நூற்றுக்கு 65 வாய்ப்பு. தவறுவதையும் சேர்த்துப் பார்த்தால் ரவுண்டுக்கு 14. ரோக் பதுங்கிக் குத்தினால் அதே கணக்கில் 12. க்ளெரிக் 11. விஸார்டு ஃபயர்பால் வீசினால் 23. கூட்டினால் 60. முதல் ரவுண்டிலேயே ட்ரோலுக்கு மிச்சம் 24. டர்னுக்குப் பத்து ஹெச்.பி. தானாக வளரும் வித்தை ஒன்று அதனிடம் இருக்கிறது. நெருப்பு பட்டால் அதுவும் அந்த ரவுண்டில் வேலை செய்யாது. இரண்டாம் ரவுண்டில் ஃபைட்டரும் ரோக்குமே முடித்துவிடுவார்கள். மற்ற இரண்டு பேருக்கு வேலையே இல்லை.

இப்போது ட்ரோல் பக்கம் வாருங்கள். ஒரு டர்னில் ஒரு கடி, இரண்டு கீறல். மூன்றும் பட்டால் சராசரி 29. ஏ.சி. 18 போட்டிருக்கும் ஃபைட்டர் மேல் பாதிதான் படும். ஆக 14 அல்லது 15. நாலு பேரின் ஹெச்.பி.யையும் கூட்டினால் ஏறக்குறைய 150 வரும். யாரும் திருப்பி அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்கூட அத்தனை பேரையும் சாய்க்க அதற்குப் பத்து ரவுண்டு வேண்டும். கிடைப்பதோ ஒரு டர்ன், மிஞ்சிப் போனால் இரண்டு.

ஹெச்.பி.யை மூன்று மடங்கு ஆக்கியபோது இந்தக் கணக்கில் என்ன மாறியது? ட்ரோலின் அடி அதே 14. லெவல் 5 விஸார்டிடம் ஃபயர்பால் இரண்டுதான். மூன்றாம் ரவுண்டிலிருந்து எல்லாரும் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள், ட்ரோலும் அப்படியே. யார் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோன பிறகும் சண்டை நடக்கிறது. போன் வெளியே வரத்தான் செய்யும்.

சண்டையை டர்னில் எண்ணிப் பழகுங்கள். அவர்களுக்கு ரவுண்டுக்கு நாலு. க்ளெரிக்கின் போனஸ் ஆக்‌ஷன், ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் மாதிரிக் கூடுதல் செயல்களும் சேர்ந்தால் ஆறு. ட்ரோலுக்கு ஒன்று. இதைச் சரிக்கட்ட எனக்குத் தெரிந்த வழி இரண்டு. ட்ரோலுக்கு டர்னைக் கூட்டலாம். இல்லையென்றால் அவர்களின் டர்னை வேறு எதிலாவது செலவழிக்க வைக்கலாம். இரண்டையும் கீழே வேறு கடிதங்களில் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ட்ரோலுக்கு மட்டும் கையோடு ஒன்று: மான்ஸ்டர் மேனுவலில் அதன் பக்கத்திலேயே ஒரு மாற்று விதி உண்டு. ஒரே அடியில் வெட்டுக் காயமாக 15 அல்லது அதற்கு மேல் பட்டால் கையோ காலோ தலையோ துண்டாக வாய்ப்பிருக்கிறது. துண்டான கை சும்மா கிடக்காது, ஊர்ந்து வந்து தனியாகக் கீறும். ஃபைட்டர் எவ்வளவு நன்றாக வெட்டுகிறாரோ அவ்வளவு டர்ன் ட்ரோலுக்குக் கூடுகிறது. என்ன அழகான விதி! ஏன் யாரும் இதைப் படிப்பதே இல்லை என்று தெரியவில்லை.

யங் ரெட் டிராகன் சண்டை சப்பென்று போகிறது, அடல்ட் ரெட் டிராகன் மூச்சு முட்ட வைக்கிறது. ஹெச்.பி. 178க்கும் 256க்கும் உள்ள வித்தியாசம்தானா இது?
– வாசகர், சிங்கப்பூர்

அது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம், அடல்ட் டிராகன் உங்கள் டர்னிலும் தலையை நீட்டுகிறது. அதற்கு லெஜண்டரி ஆக்‌ஷன் ரவுண்டுக்கு மூன்று. வேறு யாராவது டர்னை முடித்த உடனே ஒன்றைச் செலவழித்து வாலால் அடிக்கலாம். இரண்டைச் சேர்த்துச் செலவழித்தால் இறக்கையை விசிறிச் சுற்றி நிற்பவர்களைக் கீழே தள்ளிவிட்டு, அப்படியே எழும்பி வேறு இடத்துக்குப் பறக்கலாம். அதன் சொந்த டர்ன் வரும்போது மூன்றும் திரும்பக் கிடைத்துவிடும். யங் டிராகனுக்கு இதெல்லாம் கிடையாது. தன் டர்ன் வரும்வரை அடி வாங்கிக்கொண்டு நிற்கும்.

இதை டிராகனுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோவைத் தம்பியின் ட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.பி.யைப் பாதி மட்டும் ஏற்றி 126 ஆக்குங்கள். ரவுண்டுக்கு மூன்று குட்டிச் செயல் கொடுங்கள்: ஒரு கீறல், யாருடைய எதிரடிக்கும் ஆளாகாமல் பாதித் தூரம் நகர்வது, இரண்டைச் சேர்த்துச் செலவழித்தால் பக்கத்தில் நிற்பவரைத் தூக்கி ஆற்றில் எறிவது. கீறல் இரண்டு கூடினால் ரவுண்டுக்கு 25 வரை போகும். அவர்கள் 126ஐக் கரைக்க மூன்று ரவுண்டு வேண்டும். அதற்குள் ஒருத்தர் விழுந்திருப்பார், ஒருத்தர் நனைந்திருப்பார், க்ளெரிக் கத்திக்கொண்டிருப்பார். எனக்கு இந்த அளவு போதும்.

மூன்றில் ஒன்றாவது இடம் மாறுகிற செயலாக இருக்கட்டும். மூன்றையுமே அடியாக வைத்தால், சுவரோடு ஒட்டி நின்று குத்திக்கொள்ளும் அதே சண்டை கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவில் மேட் கோல்வில் என்கிற டி.எம். பிரபலப்படுத்தியது. வில்லனுக்கு மூன்று பெரிய செயல். ஒவ்வொன்றும் சண்டைக்கு ஒரே தடவை, ரவுண்டுக்கு ஒன்று. முதலாவது ‘நான் யார் தெரியுமா’ என்று காட்ட, இரண்டாவது சூழ்ந்து நிற்பவர்களைக் கலைக்க, மூன்றாவது இருப்பதையெல்லாம் கொட்ட. ரவுண்டுக்கு எத்தனை செலவாயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. புது டி.எம். என்றால் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பேசாமல் மான்ஸ்டருக்கு எல்லா மந்திரத்திலிருந்தும் இம்யூனிட்டி கொடுத்துவிட்டால்?
– வாசகர், ஈரோடு

விஸார்டு ஆடுகிறவர் எழுந்து போய் சீரியல் பார்ப்பார். நியாயம்தான்.

என் தோழி மங்க் (வெறுங்கையால் சண்டை போடும் துறவி) ஆடுகிறாள். எந்த மான்ஸ்டர் வந்தாலும் முதல் டர்னிலேயே ஸ்டன் செய்துவிடுகிறாள். அது அசையாமல் நிற்க, மற்றவர்கள் வெளுத்துக்கட்டுகிறார்கள். லெஜண்டரி ரெஸிஸ்டன்ஸ் கொடுத்துத் தப்பிக்க வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.
– வாசகி, சேலம்

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. டைஸில் ஜெயித்தாள், நீங்கள் ‘இல்லை, அது தப்பித்துவிட்டது’ என்கிறீர்கள். அவள் கைக்கு ஒன்றுமே வரவில்லை.

முதலில் அவள் என்ன செலவழிக்கிறாள் என்று பாருங்கள். லெவல் 5 மங்கிடம் கீ, அதாவது இந்த வித்தைகளுக்குச் செலவாகும் சக்திப் புள்ளி, ஐந்துதான். ஒன்றைக் கொடுத்து அடியை நாலாக்கி, நாலும் பட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்டன் முயன்றால் ஐந்தும் தீர்ந்தது. ட்ரோல் மாதிரி முரட்டு உடம்புகூட ஒரு முயற்சியில் தோற்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. நாலு முயற்சியில் ஒன்றிலாவது தோற்க 87. ஆகவே அவள் செய்வதில் அதிசயமே இல்லை. ஆனால் ஐந்து கீயும் முழுசாகக் கையில் இருக்கும்போது பெரிய மான்ஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அன்றைய முதல் சண்டையாக அதை வைக்காதீர்கள். முன்னால் இரண்டு சின்னச் சண்டை, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க நேரம் இல்லாத மாதிரி ஏதாவது ஒரு அவசரம். கீ தானாகக் குறையும். 2024இல் திருத்திய விதிகளில் ஸ்டன் முயற்சி டர்னுக்கு ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டார்கள். எதிரி தப்பித்தாலும் அதன் வேகம் பாதியாகும், அதன் மேல் விழும் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் (டைஸை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும். அந்தத் திருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், அவளிடம் கேட்டுவிட்டு.

லெஜண்டரி ரெஸிஸ்டன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். விதிப்படி, சேவில் (தப்பிக்க உருட்டும் டைஸில்) தோற்ற மான்ஸ்டர் ‘ஜெயித்தேன்’ என்று வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு மூன்று தடவை. என் டேபிளில் அந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியும். ஒரு லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) வந்தபோது அதன் கிரீடத்தில் மூன்று கல் பதித்திருந்தேன். மேசையில் நிஜமாகவே மூன்று சிவப்புக் கண்ணாடிக் கல். வளையல் கடையில் வாங்கியது. ஒரு ஸ்பெல்லிலிருந்து தப்பித்தால் ஒரு கல்லை எடுத்து, ஸ்பெல் போட்டவர் கையில் கொடுத்துவிடுவேன். அந்த ரவுண்டில் லிச்சுக்கு ஒரு லெஜண்டரி ஆக்‌ஷனும் குறையும். அப்புறம் பார்த்தால் விஸார்டும் க்ளெரிக்கும் யார் அடுத்த கல்லை வாங்குவது என்று போட்டி. ஸ்டன் ஆகாவிட்டாலும் தான் போட்டது வீண் போகவில்லை என்று ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இடத்தை வைத்து விளையாடு, டெரெய்னைப் பயன்படுத்து என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் நாலு தூண் வரைகிறேன், ஒரு குழி வரைகிறேன். யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு சண்டையை முழுதாகச் சொல்லுங்களேன்.
– வாசகர், ஸ்கார்பரோ

தூண் பக்கம் போனால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அதனால் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடுகிறவர்கள் நாலு பேர்: என் அக்கா மகன் ஃபைட்டர், பழைய மாணவிகள் இரண்டு பேர் விஸார்டும் க்ளெரிக்கும், பக்கத்து வீட்டு வங்கி அதிகாரி ரோக். லெவல் 5. எதிரே ஐந்து தலை ஹைட்ரா: ஹெச்.பி. 172, ஏ.சி. 15. புத்தகக் கணக்குப்படி இது 3,900 அனுபவப் புள்ளி; இந்த நாலு பேருக்கு ‘கடினம்’ 3,000இல் தொடங்குகிறது, ‘மரண ஆபத்து’ 4,400இல். அதாவது கடினம், ஆனால் சமாளிக்கலாம்.

ஹைட்ராவுக்கு ரெண்டு முக்கிய விதி. ஒரே டர்னில் 25 அல்லது அதற்கு மேல் அடிபட்டால் ஒரு தலை சாகும். அதன் டர்ன் முடியும்போது, செத்த ஒவ்வொரு தலைக்கும் இரண்டு முளைக்கும். போன டர்னுக்குப் பிறகு நெருப்பு பட்டிருந்தால் மட்டும் முளைக்காது. எத்தனை தலையோ அத்தனை கடி. பக்கத்திலிருந்து விலகி ஓடுகிறவர்களை எட்டிக் கடிக்க ஒவ்வொரு தலைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. தனி மான்ஸ்டரின் டர்ன் பிரச்சினைக்கு இதைவிட நல்ல விடை அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது என் கட்சி.

சண்டை நடந்தது ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறைக் குளத்தில். ஒவ்வொரு ரவுண்டும் இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசையை முடிவுசெய்யும் எண்) 20 வரும்போது தண்ணீர் இரண்டடி ஏறும். டிராகன் தன் குகையில் செய்கிற லேர் ஆக்‌ஷனும் இதே இடத்தில்தான் வரும். அதை நான் குளத்துக்குக் கொடுத்துவிட்டேன். எதிர்ச் சுவரில் மதகுச் சக்கரம். அதைத் திருப்ப ஒரு ஆக்‌ஷன், பலத்துக்கு ஒரு டைஸ், 12 வேண்டும். மூன்று தடவை ஜெயித்தால் தண்ணீர் வடியும். இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் தூரம் பாதி. இவர்களின் சாமான் மூட்டையோடு ஒரு கோவேறு கழுதை படியில் கட்டியிருந்தது. ஹைட்ராவுக்கு வீரர்கள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அதற்குப் பசி, அதற்குக் கழுதை வேண்டும்.

இப்போது நாலு டர்னும் எங்கே போயிற்று பாருங்கள். சக்கரத்துக்குப் போக முடிந்தது ரோக்குக்கு மட்டும்தான், ஏனென்றால் கடி வாங்காமல் நழுவத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் ரோக்கின் பலம் மைனஸ் ஒன்று. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ரவுண்டு ரவுண்டாகத் திண்டாடினார். “டீச்சர், பேங்க்லயும் நான்தான் லாக்கர் திறக்கறேன், இங்கயும் நானேவா?” க்ளெரிக் கழுதையை அவிழ்த்துப் படி ஏற்ற ஒரு டர்ன் போனது. அதைத் திட்டியபடியே செய்தாள், ஆனால் செய்தாள். அந்தக் கழுதைக்குப் பெயர் வைத்ததே அவள்தான். மிச்சம் ஃபைட்டரும் விஸார்டும். ஃபைட்டரின் இரண்டு வெட்டும் பட்டால் சராசரி 22. தலை போக 25 வேண்டும். மூன்று குறைகிறது! முதல் இரண்டு ரவுண்டும் அவன் நன்றாகத்தான் வெட்டினான், ஒரு தலைகூடப் போகவில்லை. பையனுக்குக் காது சிவந்துவிட்டது. மூன்றாவதில் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு ஒரே டர்னில் நாலு வெட்டு; ஒரு தலை விழுந்தது. உடனே ஹைட்ரா தண்ணீருக்குள் மூழ்கியது.

இங்கேதான் விஸார்டு யோசித்தாள். முழுதாக மூழ்கிய உடம்பில் நெருப்பு பாதிதான் சுடும் என்று விதி. அவளுக்கும் தெரியும். கலங்கிய தண்ணீரில் தெரியாத ஒன்றைக் குறிவைத்தால் டிஸ்அட்வான்டேஜ்; அதுவும் தெரியும். ஆனால் தலை முளைக்காமல் இருக்க ஒரே ஒரு புள்ளி நெருப்பு போதும். குறியே தேவைப்படாத ஃபயர்பாலைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பாதி அடிதான். தலை முளைக்கவில்லை. அதே ரவுண்டில் வங்கி அதிகாரி மூன்றாவது தடவை 12ஐத் தாண்டினார். மொட்டை மாடியில் எழுந்து நின்று கத்தியதில் கீழ் வீட்டு விளக்கு எரிந்தது.

அவர் அந்தச் சண்டையில் ஹைட்ராவை ஒரு தடவைகூடக் குத்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாலு டர்னில் ஒன்றரை டர்ன் மதகுக்கும் கழுதைக்கும் போனது. ஹைட்ராவின் எண் எதையும் நான் தொடவில்லை. உங்கள் தூணுக்குப் பக்கத்திலும் இப்படி ஏதாவது வையுங்கள். அதைச் செய்யாவிட்டால் நிலைமை மோசமாக வேண்டும், செய்வதற்கு ஒரு ஆக்‌ஷன் ஆக வேண்டும்.

திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்வது தப்பா?
– பெயர் வேண்டாம், மதுரை

என் டேபிளில் தப்பு. ஆனால் ஹெச்.பி. விஷயத்தில் புத்தகமே இடம் கொடுக்கிறது. ட்ரோலின் ஹெச்.பி. 84 என்பதற்குப் பக்கத்தில் 8டி10+40 என்று போட்டிருக்கும்: பத்து முக டைஸ் எட்டை உருட்டி 40 கூட்டு. குறைந்தது 48, அதிகம் 120. 84 என்பது சராசரி. சண்டைக்கு முன்னால் அந்த எல்லைக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை தொடங்கிய பிறகு அழிக்க ரப்பர் எடுக்காதீர்கள்.

நான் டி.எம். இல்லை, ஆடுகிறவன். லெவல் 5, நாலு பேர். யங் ரெட் டிராகன் வாயைத் திறந்தது. ஒரே மூச்சில் மூன்று பேர் காலி. இதற்குப் பெயர் சவாலா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அந்த டிராகன் 5,900 புள்ளி. உங்களுக்கு ‘மரண ஆபத்து’ தொடங்குவதே 4,400இல் என்று மேலே சொன்னேன். அதன் நெருப்பு மூச்சு சராசரி 56. லெவல் 5 விஸார்டின் ஹெச்.பி. ஏறக்குறைய 32. சேவில் தோற்றால் விழுவார். ஜெயித்தால் பாதி, 28 பட்டு நாலோடு நிற்பார். ஆக உங்கள் டி.எம். விதியை மீறவில்லை. ஆனால் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்: எச்சரிக்கையில்.

நெருப்பு மூச்சை ஒரு தடவை விட்டுவிட்டால், அதன் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் ஒரு டி6 உருட்டி 5 அல்லது 6 விழுந்தால்தான் திரும்ப வரும். அதாவது வந்ததும் தெரியாது, உடனே சுட்டுவிடும். நான் அந்த டைஸை டிராகனின் டர்ன் முடியும்போதே, எல்லார் கண் முன்னாலும் உருட்டுகிறேன். 5 விழுந்தால் “தொண்டை சிவக்கிறது” என்கிறேன். ஒரு ரவுண்டு முழுக்க அவகாசம். அந்த ஒரு ரவுண்டில் மேசை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமே! அடிப்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். ஓடுவதும் ஒரு டர்ன்தானே, டிராகனுக்கு அது லாபம். யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. முதல் மூச்சுக்கும் இப்படியே ஒரு ரவுண்டு முன்னறிவிப்பு கொடுப்பேன்.

உங்கள் பங்குக்கு நீங்களும் ஒன்று செய்யுங்கள். அந்த மூச்சு 30 அடிக் கூம்பு. எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம். பத்தடி தள்ளி நிற்கும் இடத்தில் அகலமும் பத்தடிதான். கோயில் வரிசை மாதிரி ஒட்டி நிற்காதீர்கள்.

நாலாம் பதிப்பில் இதற்கெல்லாம் வழி இருந்ததே, ஏன் விட்டுவிட்டார்கள்?
– பழைய ஆட்டக்காரர், சென்னை

2008இல் வந்த அந்தப் பதிப்பை வைது வைதே தீர்த்தார்கள், ஐயா. ஆனால் தனி மான்ஸ்டரைப் பற்றி உட்கார்ந்து யோசித்த பதிப்பு அதுதான். ‘சோலோ’ என்றே ஒரு வகை: ஒன்று வந்தால் சாதாரண மான்ஸ்டர் ஐந்துக்குச் சமம். ஹெச்.பி. பாதியானால் ‘ப்ளடீட்’ என்ற நிலை. அப்போது டிராகன்கள் கேட்காமலே இன்னொரு மூச்சு விடும். சண்டையின் நடுவில் ஒரு திருப்பம் வந்தே தீரும். கெட்ட பெயர் எதனால் என்றால், ஆரம்பப் புத்தகத்து சோலோக்களுக்கு ஹெச்.பி.யை மலையாகக் குவித்து, அடியைச் சொத்தையாக வைத்துவிட்டார்கள். கோவைத் தம்பி செய்ததேதான். பின்னால் வந்த தொகுதிகளில் ஹெச்.பி.யைக் குறைத்து அடியை ஏற்றினார்கள். அதற்குள் பாதிப் பேர் கடையைக் கட்டிவிட்டார்கள். ‘ப்ளடீட்’ என்ற பெயர் 2024 விதிகளில் திரும்ப வந்திருக்கிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே.

நம் புராணங்களிலிருந்து ஒரு தனி மான்ஸ்டரை எடுக்கலாமா?
– வாசகி, திருச்செந்தூர்

உங்கள் ஊர்க்காரர் இருக்கும்போது வேறு யார்? கந்தபுராணத்துச் சூரபத்மன் ஒரே உருவத்தில் நின்று அடி வாங்கியதில்லை. பறவையாகிப் பறக்கிறான், இருளாகிச் சூழ்கிறான், கடைசியில் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். உருவம் மாறும்போதெல்லாம் எதிரே நிற்பவர் செய்ய வேண்டியதும் மாற வேண்டும்: பறவைக்கு எட்டித் தாக்குகிறவர், இருளுக்கு வெளிச்சம் கொண்டுவருகிறவர், மரத்துக்குக் கடலைத் தாண்டுகிறவர். ஒவ்வொரு உருவத்துக்கும் தனி ஹெச்.பி. வையுங்கள், ஐம்பது ஐம்பதாக. ஒரு உருவத்தில் மிஞ்சிய அடி அடுத்த உருவத்துக்குப் போகக் கூடாது. வேல் பிளந்த பிறகு மயிலும் சேவலும் வருவதை மட்டும் சண்டையாக்காதீர்கள். அதுவரை மாற்றினால் எனக்குக் கடிதம் வரும்.

மகளுக்கு 11 வயது, மகனுக்கு 9. நான்தான் டி.எம். இரண்டு பேரும் லெவல் 1. அவள் விஸார்டு, அவன் ஃபைட்டர். முதல் சண்டைக்கு ஒரு ஓகர் போதுமா?
– ஒரு அப்பா, திருநெல்வேலி

போதுமாவா? வேண்டவே வேண்டாம். இவ்வளவு நேரம் தனி மான்ஸ்டர் பாவம் என்று பேசினேன். உங்கள் வீட்டில் கணக்கு தலைகீழ். எதிரே இரண்டு டர்ன்தான், அதுவும் லெவல் 1.

ஓகரின் கதாயுதத்தால் ஒரு அடி 2டி8+4, சராசரி 13. மகளின் விஸார்டுக்கு ஹெச்.பி. எட்டு இருக்கும். ஹெச்.பி. பூஜ்யத்துக்குப் போன பிறகும் மிஞ்சும் அடி அவளுடைய முழு ஹெச்.பி. அளவுக்கு இருந்தால், மயக்கம் எல்லாம் கிடையாது, அங்கேயே சாவு. அதாவது ஒரே அடியில் 16. இரண்டு டி8இல் 12 அல்லது அதற்கு மேல் விழ 64இல் 15 வாய்ப்பு. பட்ட அடி நாலில் ஒன்று பிள்ளையைக் கொன்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கறுப்புக் கரடியை எடுங்கள். ஹெச்.பி. 19, ஏ.சி. 11. ஒரு கடி சராசரி 5, ஒரு கீறல் சராசரி 7. இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொடுங்கள். அதற்கும் ஏதாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூட்டையில் இருக்கும் கருவாடு மாதிரி. பையன் வெட்டுவான். பெண் கருவாட்டை எறிந்தால் அதுவும் ஒரு ஆக்‌ஷன், கரடியின் அடுத்த டர்ன் அதைத் தின்பதிலேயே போகும். ஓகர் மூன்றாம் லெவலில் வரட்டும்.